எங்கள் வீட்டில் பனி என்றால்

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

காரியம் இல்லாமல் நான் கடிதம் எழுத மாட்டேன் என்று நீ உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். உன் வாக்கைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே காரியத்துக்கே வருகிறேன்.

எங்கள் அகராதி அலுவலகம் தவழ்ந்து தவழ்ந்து 'ப' வரிசையின் கடைசிக்கு வந்திருக்கிறது. சொற்களைப் பங்கு போட்டபோது ஆசிரியர் 'பனியன்' என்ற சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் குனிந்து பார்த்தால் போதும், வேலை முடிந்தது. எனக்குத் தள்ளிவிட்டது 'பனி'.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் புல்லின் மேல் நிற்பது பனி. எதிரே வரும் பஸ்ஸை மறைப்பது பனி. "தலையில ஏதாவது கட்டிக்கோ, பனி இறங்குது" என்று உன் தம்பி பெண்டாட்டி என் வழுக்கையைப் பார்த்து அக்கறையாகச் சொல்வது பனி. நாவல்களில் கதாநாயகியின் கண்கள் பனிக்கும், நிஜத்தில் யாருக்கும் பனித்து நான் பார்த்ததில்லை, மூக்குதான் ஒழுகும். ஆசிரியருக்கும் மெய்ப்புப் பார்க்கும் அம்மாளுக்கும் மின்விசிறி விஷயத்தில் நடப்பது பனிப்போர். இதெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது, தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கிற உங்கள் வெளிநாட்டு ஊரின் பனியில். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. 'வானிலிருந்து வெண்மையாகப் பஞ்சு போல விழுவது' என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஓரத்தில், 'தலையணை கிழிந்தாலும் இப்படித்தான் விழும்' என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆராய்ச்சிக்காக வீட்டு ஃபிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டு நின்றேன். "கரண்ட் என்ன உங்கப்பா வீட்டுதா?" என்று குரல் வந்தது. ஆராய்ச்சி முடிந்தது.

எனவே அத்தானைக் கேட்டுச் சொல். நகராட்சியில் இத்தனை வருஷமாகப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். தினமும் வாயில் அந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது, யார் யாரிடம் எப்படிச் சொல்கிறார்கள், திட்டும்போது என்ன சொல்கிறார்கள், எல்லாம் வேண்டும். என்னை 'அகராதி, அகராதி' என்று கிண்டல் பண்ணுகிறாரே, அந்த அகராதியில் அவருக்கும் ஒரு மூலை கிடைக்கட்டும்.

உன் தம்பி


நவம்பர் 22

தம்பிக்கு,

பதில் தாமதம். காரணம் கீழே. உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்த அன்று அதை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஃபிரீசர் இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டியிருந்தவர், பூட்ஸோடு சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தார். "எழுது, அகராதிக்கு நான் சொல்றேன். பனி மூணு வகை. லீவு நாள்ல விழுறது ஒண்ணு. வேலை நாள்ல விழுறது ஒண்ணு. நான் ஒரு தெருவை அள்ளி முடிச்சிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது விழுறது ஒண்ணு." நான் தையல் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கோட்டுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துவிட்டு எழுதினேன். பிறகு, "இதையும் போட்டுக்கோ. பனின்னா" என்றார்.

"சொல்லுங்க."

"பனி."

"அதான் எழுதியாச்சே. மேல சொல்லுங்க."

"பனி. பனி."

உன்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தேன்கூட. அப்புறம்தான் அவர் கப் சாய்ந்து, டீ வழிந்து, மேஜை விளிம்பிலிருந்து அவர் மடியில் கொட்டுவதைப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்கிறார்கள். பேச்சைப் பற்றி யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒன்றே ஒன்றுதான் வருகிறது. பனி. டாக்டரிடம் பனி. நர்ஸிடம் பனி. என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக என்னவோ சொல்ல ஆரம்பித்தார், முழுக்கப் பனி. விழுந்த நேரத்தில் வாயில் இருந்த சொல் சிலருக்கு அப்படியே மாட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். மற்றதெல்லாம் உள்ளே இருக்கலாம், வரும் வழி அடைத்திருக்கிறது, முதல் சில மாதங்களில் திறந்தால் திறந்ததுதான் என்றார்.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நீ கேட்காமல் இருந்தால் 'ஜிப்' என்றோ 'டீ' என்றோ மாட்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபோன் பண்ணாதே. நான் ஃபோனில் யாரோடாவது பேசினால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். எழுது.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சொற்களை வைத்துப் பிழைப்பவன் இப்படி எழுதுவது கேவலம்தான், ஆனால் உண்மை. காலையிலிருந்து எழுதிக் கிழித்த காகிதத்தைப் பார்த்து அலுவலகத்தில் பெருக்குகிற அம்மா, "காதல் கடுதாசியா சார், இந்த வயசுல?" என்று கேட்டார்.

நான் கிளம்பி வரட்டுமா? வந்தால் உனக்கு என்ன உதவி என்று யோசித்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆளைத் தூக்க முதுகு கிடையாது. பனியில் நடந்தால் நான் விழுவேன், அப்புறம் உனக்கு இரண்டு நோயாளிகள். ஆனாலும் வரட்டுமா?

வேண்டாம் என்றால் ஒன்று மட்டும் செய். அவர் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார் என்று எழுது. ஒரே மாதிரியாகவா, மாற்றி மாற்றியா? இழுக்கிறாரா, வெட்டுகிறாரா? வீடு பற்றி எரியும்போது இவனுக்கு ஆராய்ச்சி கேட்கிறதா என்று திட்டாதே. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். 

தம்பி


டிசம்பர் 17

தம்பிக்கு,

வராதே. அவரைப் பார்க்க யார் வந்தாலும் சமாளிப்பார், நீ வந்தால் முடியாது. உன்னிடம் வாயடித்துத்தான் அவருக்குப் பழக்கம். உன் எதிரே பனி என்று சொல்லிக்கொண்டு உட்கார அவர் சம்மதிக்க மாட்டார். கேட்டுப் பார்த்தேன். "தம்பியை வரச் சொல்லட்டுமா?" "பனி" என்றார், மேஜையைத் தட்டி. மொழிபெயர்ப்பு வேண்டுமா?

வீட்டுக்கு வந்துவிட்டோம். கடைக்காரர் நல்லவர். கோட்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார், ஜன்னலோரம் தைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஒரே மாதிரி இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கதவைச் சாத்துவது போலச் சட்டென்று ஒரு பனி. யார் மணியடிக்கிறார்கள் என்று கேட்க, கடைசியில் தூக்கி ஒரு பனி. கால் வலித்தால் பல்லுக்குள்ளேயே கடிபடும். நான் உப்புப் போட மறந்த சூப்பைக் குடித்துவிட்டுப் பெருமூச்சோடு ஒன்று சொல்கிறார் பார், கல்யாணமான புதிதில் வாய் நிறையச் சொன்னதெல்லாம் அதில் அடக்கம். எனக்கு இப்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தைத்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே, எல்லாம் புரிகிறது.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரி. மாடி வீட்டம்மா நலம் விசாரிக்க வந்தாள். அவள் ஒரு வாசற்படியில் நின்றால் அந்தப் படி தேயும் என்பது உனக்குத் தெரியும். அத்தான் அவளைப் பார்த்ததும், "பனி" என்றார். வெளியே அனுப்பு என்று எனக்கு. அவள், "ஆமாங்க, நேத்தைவிட ஜாஸ்தி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பனி, பனி."

"அதையேன் கேக்குறீங்க, படியெல்லாம் வழுக்குது. எங்க வீட்டுக்காரர் நேத்து விழப் பார்த்தார்."

"பனி." இது கெஞ்சல், என்னைப் பார்த்து.

"இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சு. கரெக்டா சொன்னீங்க."

வெகுநேரம் பேசினார்கள். போகும்போது வாசலில் என் தோளைத் தட்டி, "நீதான் பயப்படுறே. எவ்வளவு தெளிவா பேசுறார். எங்க வீட்டுக்காரர் வாயில இருந்து இவ்வளவுகூட வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அத்தான் வாயின் இடது பாதியால் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நாள் வண்டி ஓட்டுகிற கூட்டாளிகள் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்தால் வேறு என்ன பேசுவார்கள்? மேல் தெருவில் பனி, பாலத்தில் பனி, மேலதிகாரி பனியைப் பற்றி ஒன்றும் தெரியாத முட்டாள். நடுநடுவே இவரும் பனி என்கிறார். அவர்கள் தலையாட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், "அப்படியில்லண்ணே" என்று மறுக்கிறார்கள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் குரலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவே முடியாது.

அக்கா


டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் படித்தேன், அலுவலகத்தில் படித்தேன், மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் வாங்கித் தானே ஒருமுறை படித்துவிட்டு, "மாடி வீட்டம்மாவை நம்ம ஆபீஸ்ல சேர்த்துக்கலாம்" என்றார். இந்த வருஷத்தில் அவரும் ஆசிரியரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். மின்விசிறியைக்கூடக் கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எங்கள் அகராதி முறைப்படியே செய்தது, உச்சரிப்புக் குறிப்பும் உண்டு. 'பனி, பெயர்ச்சொல், வினைச்சொல் மற்றும் எல்லாச்சொல். தண்ணீர் (குறுக்கி). யாரது? (ஈறு உயர்த்தி). இந்த அம்மாளை வெளியேற்று (அடுக்கி, இறுதியில் கெஞ்சி). உப்பு இல்லை (பெருமூச்சுடன், தாம்பத்திய வழக்கு). மைத்துனன் வரக் கூடாது (மேஜை ஒலியுடன்).' இப்படியே போகிறது. அந்த மைத்துனன் பொருளுக்கு நேரே 'அருகிய வழக்கு' என்று நானாகவே போட்டிருக்கிறேன், அத்தான் ஆட்சேபிக்கலாம்.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. சிரிக்காவிட்டால் தாளைத் திருப்பி அனுப்பிவிடு, ஆசிரியரின் சிவப்பு மைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இதெல்லாம் எழுதும்போது எனக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரி இருக்கிறது. அது உண்மைதானா என்று நீ சொன்னால்தான் தெரியும்.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். 'தாம்பத்திய வழக்கு' என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். (பனி, விரலால் சுழற்றி. அதை நீ சேர்க்கவில்லை.) தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். மகிழ்ச்சியான பகுதி இத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சு டீச்சர் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். சின்னத் தமிழ்ப் பெண், கம்பளித் தொப்பியைக் கழற்றினால் முடியெல்லாம் எழுந்து நிற்கும். நல்ல பெண். வந்த முதல் நாளே அந்தத் தாளைப் பார்த்தாள். நின்று முழுவதும் படித்தாள். சிரித்தாள்.

"யார் எழுதினது?"

"என் தம்பி."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கார். இதைக் கழட்டிடலாமாம்மா?"

ஏன் என்று கேட்டேன். அவரை அறையில் உட்கார வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூட்டிவந்து மெதுவாகச் சொன்னாள். "அவருக்கு ஒரு வார்த்தைதான் இருக்கு. அந்த ஒண்ணுலயே தண்ணி வருது, சாப்பாடு வருது, பிடிக்காதவங்க எழுந்து போறாங்க. அப்புறம் அவர் எதுக்கு இன்னொரு வார்த்தையைத் தேடணும்? உங்களுக்குப் புரியக் கூடாது."

"எனக்குப் புரியுதே."

"புரியாத மாதிரி இருங்க. 'பனி'ன்னா என்னன்னு கேளுங்க. தண்ணியைக் காட்டி, 'தண்ணி'ன்னு சொல்லிக் கொடுங்க. 'த'ன்னு ஆரம்பிச்சாக்கூடப் போதும், உடனே கொடுத்துடுங்க. ஆனா பனிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. கஷ்டமா இருக்கும். இந்த ரெண்டு மூணு மாசத்தை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அவரிடமும் சொன்னாள். அவர் தலையாட்டினார். தலையாட்டியது நிஜம்தான், ஆனால் தாகம் எடுக்கும்போது அது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மறுநாள் காலை. சட்டென்று ஒரு பனி. நான் எழுந்து தண்ணீர் டம்ளரை அவர் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, "என்ன வேணும்? எனக்குப் புரியலையே" என்றேன். எனக்கு நடிக்க வராது என்பது உனக்குத் தெரியும். அவர் சிரித்தார், தம்பி. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "பனி" என்று அவரும் விளையாட்டாகச் சொல்லிக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே சொல்கிறார். நானும் மரக்கட்டை மாதிரி நிற்கிறேன். கால் வலியைச் சொல்வதும் எனக்குத் தெரிகிறது, அதற்கும், "என்ன? புரியலையே." டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், வலி என்றால் 'வ' வரைக்குமாவது வரட்டும் என்று. அவர் வாயைத் திறந்து, உதட்டை என்னென்னவோ செய்து, முகம் சிவந்து, கடைசியில் விழுவது அதே சொல்தான். பாதி நாள் நான் தோற்றுப்போய்க் கொடுத்துவிடுகிறேன். கொடுத்த நாள் டீச்சருக்குத் தெரிந்துவிடுகிறது.

மாடி வீட்டம்மாவிடமும் சொல்லி வைக்க வேண்டியதாயிற்று. "பனின்னா பனிதானே, அதுக்கு ஏன் நான் முழிக்கணும்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டாளிகளை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

நீ சொல். நான் யாரைக் கேட்பேன்? சொல்லோடு காலம் தள்ளுகிறவன் நீதான் எனக்குத் தெரிந்த ஒரே ஆள். டீச்சர் சொல்கிறபடி செய்யவா, தண்ணீரைக் கொடுத்துவிடவா?

அக்கா


ஜனவரி 30

அக்கா,

உன் கடிதம் வந்ததும் உன் தம்பி பெண்டாட்டி படித்துவிட்டு, "இதுல நீங்க வாயைத் திறக்காதீங்க. இது கமா, அரைப்புள்ளி வைக்கிற விஷயம் இல்ல" என்று எச்சரித்தாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கையின் பெரிய குறை.

ஆனால் நீ கேட்டுவிட்டாய். நான் பதில் எழுதாவிட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும்.

ஆசிரியரிடம் கேட்டேன். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒரே சொல்லை வைத்து மொழி நடத்த முடியாது என்றார். வழக்கமாக அவர் இப்படிப் பேசும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். நீ இருக்கும்வரை அவருக்கு அது போதும், சரி. நீ ஒருநாள் காய்ச்சலில் படுத்தால்? கடைக்குப் போய் வரத் தாமதமானால்? உன்னைத் தவிர அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையே.

டீச்சர் சொல்கிறபடி செய். என் தாளைக் கிழித்துப் போடு. அத்தானுக்குக் கோபம் வரட்டும். கோபம் வந்தால் மனிதனுக்குப் பேச்சு வரும், நான் ஆசிரியரிடம் வாய் திறந்து பேசுவதே அப்போதுதான்.

இதை எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். நிரப்பிய டம்ளரைக் குடிக்காமல் திரும்ப வைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மின்விசிறிக் காற்றில், இன்னொருத்தன் தாகத்துக்கு நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பனியும் இல்லை. எதுவும் இல்லை. நீ சொன்னபடி, டீச்சர் சொன்னபடி, நான் தோற்காமல் நின்றேன். ஒரு வாரம்போல. கோபம் வந்தது. இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார். 'ஆ' என்று கத்தினார். டீச்சர் அதைக் கேட்டு, நல்லது, விடாதீங்க என்றாள். விடவில்லை. அப்புறம் ஒருநாள் காலை நான் எழுந்து வந்தால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்தேன், குடித்தார். வைக்காவிட்டால் குடிப்பதில்லை. கால் வலிக்கிறதா என்று பார்த்தேன், முகத்திலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று. முகத்தையும் சாத்திவிட்டார்.

மனசு கேட்காமல் கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். வந்தார்கள். பாலத்தில் பனி, மேல் தெருவில் பனி, மேலதிகாரி இன்னும் முட்டாள்தான். எல்லோரும் பேச்சை அவர் பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அவரோ அவர்களுடைய பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருத்தன் படியில் இறங்கும்போது அழுதான். பெரிய ஆள், வண்டிக்கு உள்ளே நுழையவே திரும்பித்தான் நுழைவான்.

டீச்சர் இது பயப்பட வேண்டியது இல்லை என்கிறாள். மாட்டிக்கொண்ட சொல் விழுந்த பிறகுதான் சிலருக்கு மற்றது வரும், நடுவில் இப்படி ஒரு மௌனம் உண்டு என்கிறாள். "சிலருக்கா?" என்றேன். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆமா, சிலருக்கு" என்றாள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பனி" என்று சொன்னேன். பிறகு அவர் தண்ணீருக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். மாடி வீட்டம்மாவுக்குச் சொன்ன மாதிரி சொன்னேன். சூப்புக்குச் சொன்ன மாதிரி பெருமூச்சு விட்டுச் சொன்னேன். எல்லாம் எனக்கு அச்சாக வருகிறது, தம்பி, அவரே சொல்கிற மாதிரி. சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். புரியாத மாதிரி பார்த்தார்.

நான் அவருக்குச் செய்து காட்டிய அதே முகம்.

நீ சொன்னதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். நான்தானே கேட்டேன்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

இந்த முறை வேடிக்கையாக ஒரு வரிகூட வரவில்லை. வந்ததையும் அடித்துவிட்டேன்.

'ப' வரிசை அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் ஊர்ப் பனிக்கு ஆசிரியரே ஒரு வரி எழுதிச் சேர்த்துக்கொண்டார். என்னவென்று நான் பார்க்கவில்லை. அந்தச் சொல் வருகிற காகிதத்தை யாராவது நீட்டினால் மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் நடுவில் வாங்கிக்கொள்கிறார், எனக்கு வராமல். 

உனக்குத் தவறான யோசனை சொன்னேனோ என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்டால் நீ இல்லை என்றுதான் சொல்வாய், ஆகவே கேட்கவில்லை. நான் வரட்டுமா? அத்தான் என்னிடம் பேச வேண்டாம். அவர் பார்க்கிற ஜன்னலை நானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் முழங்காலைத்தான் திட்ட வேண்டும்.

பனி உருகிவிட்டது. தெருவெல்லாம் சேறும் உப்பும். கூரையிலிருந்து நாள் முழுவதும் சொட்டுகிறது. மாடி வீட்டம்மா இப்போது வேறு பேச்சுக்குப் போய்விட்டாள், சாக்கடை அடைப்பு. எங்கள் தெருவில் அந்தச் சொல்லை இனி அடுத்த குளிர் வரைக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அத்தானுக்கு ஒரு வார்த்தை வந்துவிட்டது.

போன வாரம். சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஸ்பூனைக் காட்டி, "சூப். சொல்லுங்க. சூ" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். வாயை மூடிக்கொண்டார். "சூ" என்றேன் மறுபடியும். என்னை நேராகப் பார்த்தார். உதட்டைக் குவித்தார், குவிந்தது. "போ" என்றார்.

தெளிவாக. திக்காமல். என் கையிலிருந்த ஸ்பூன் சாய்ந்து போர்வையெல்லாம் சூப். சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, டீச்சருக்கு ஃபோன் பண்ணிவிட்டேன், அவர் முன்னாலேயே. அவள் மறுநாள் ஓடி வந்தாள். அவள் எதிரேயும் சொன்னார், என்னைப் பார்த்து. அவள் கைதட்டாத குறை.

"தானா வந்த வார்த்தை. சரியான இடத்துல வந்திருக்கு. இப்ப ரொம்ப முக்கியம், அவர் சொன்னா அது உடனே நடக்கணும். சொல்லுக்குப் பலன் இருக்குன்னு அவருக்குத் தெரியணும். போன்னா, நீங்க போயிடுங்கம்மா."

"எங்கே?"

"அறையை விட்டு. வீட்டை விட்டுன்னாலும் சரி. கொஞ்ச நேரம்தான். அப்புறம் போய்ப் பாருங்க."

ஆகவே போகிறேன். ஊட்டும்போது சொன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகிறேன். முகம் துடைக்கும்போது சொன்னால் துண்டோடு போகிறேன். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தால் கோட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மாடி வீட்டம்மா படியில் பார்த்துவிட்டு, "என்ன, சாவியை மறந்துட்டியா?" என்கிறாள். தினமும் மறக்கிறவள் என்று நினைத்திருப்பாள். சொன்னால் நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அடிக்கடி சொல்கிறார்.

நான் எல்லா விதத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன், தம்பி. நீ கற்றுக்கொடுத்த மாதிரி. குறுக்கி, இழுத்து, ஈறு உயர்த்தி. இல்லை. எந்த விதத்தில் சொன்னாலும் அதற்கு ஒரே பொருள்தான். அவர் நினைப்பதையே சொல்கிறார். அவருக்கு வந்திருப்பது முழு வார்த்தை. டீச்சர் நல்லபடியாகத்தான் செய்திருக்கிறாள், நீ சொன்னதும் சரிதான், அதை நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

நீ வர வேண்டாம் என்று நான் இனி சொல்லப்போவதில்லை. ஆனால் வந்தால் உனக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள். இரண்டு பேரும் படியில் உட்காரலாம். இடம் இருக்கிறது.

அடுத்த வார்த்தையை நாம்தான் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டுமாம். என்ன வேண்டும் என்று டீச்சர் கேட்டாள். 'வா' என்றேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே போவதற்கு முன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "வா-ன்னு சொல்லுங்க, வர்றேன்" என்று சொல்ல வேண்டும், சொல்லிக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், வராவிட்டால் பரவாயில்லை, நானே போகலாம்.

இப்போது சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். உள்ளே சத்தம் இல்லை. சூப் ஆறியிருக்கும். இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். என் முகத்தைப் பார்த்ததும் 'போ' என்பார், நான் மறுபடியும் இங்கேயே வந்து உட்காருவேன், மீதியை அப்போது எழுதுகிறேன்.